மாற்றுப் பெயரில் ஆடிய அகதி வீரர்: காஜி சலாவுதீனின் கால்பந்து வாழ்க்கை

கொல்கத்தாவில் 1971 ஆகஸ்ட் 8 அன்று நடைபெற்ற ஒரு கால்பந்து ஆட்டத்தில், இரு அணிகளின் பெயரிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஓர் அணி, அன்றைய நிலையில் உலகின் எந்த அரசும் அங்கீகரிக்காத வங்கதேசத்தின் பெயரைத் தாங்கி வந்தது. எதிரே நின்ற அணி புகழ்பெற்ற மோகன் பகான். ஆனால், அது தன் சொந்தப் பெயரில் ஆடவில்லை. பழம்பெரும் தடுப்பாட்ட வீரர் கோஷ்டோ பாலின் பெயரில் 'கோஷ்டோ பால் லெவன்' என்று தன்னை அழைத்துக் கொண்டது.

அந்த வங்கதேச அணியில் 'தூர்ஜோ ஹஸ்ரா' என்ற பெயரில் ஓர் இளம் முன்கள வீரர் இருந்தார். டாக்கா கால்பந்து ரசிகர்கள் எவரும் அப்படியொரு பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஏனெனில், அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. டாக்கா முகமதியன் ஸ்போர்ட்டிங் கிளப்பின் காஜி சலாவுதீன்தான் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர்.

பின்னாளில் வங்கதேசத்தின் மிகப் பெரிய கால்பந்து நட்சத்திரமாகவும், வெளிநாட்டு கிளப்பில் தொழில்முறை வீரராக ஆடிய முதல் வங்கதேசத்தவராகவும், பதினாறு ஆண்டுகள் அந்நாட்டுக் கால்பந்து கூட்டமைப்பின் தலைவராகவும் விளங்கிய ஒருவரின் பயணம், இந்திய மண்ணில் ஓர் அகதியின் மாற்றுப் பெயரோடு இணைந்திருப்பது தமிழ் வாசகர்கள் பலரும் அறியாத செய்தி.

எல்லையைக் கடந்த இளைஞர்

1950-களின் முற்பகுதியில் பிறந்த சலாவுதீன், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் தலைநகரான டாக்காவில் பள்ளிப் பருவத்திலேயே கால்பந்தில் கவனம் ஈர்த்தவர். வாரி கிளப்பில் ஆடிய பின்னர், 1970-இல் அந்நகரின் பெரிய அணிகளுள் ஒன்றான முகமதியன் ஸ்போர்ட்டிங்கில் இடம்பிடித்தார். பதின்ம வயதைக் கடக்காத ஒருவருக்கு இது சாதாரண வாய்ப்பன்று.

1971 மார்ச் 25 நள்ளிரவில் டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் தொடங்கிய தாக்குதல் அந்த வாய்ப்புகள் அனைத்தையும் ஒரே இரவில் நிறுத்தியது. அடுத்து வந்த மாதங்களில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் எல்லையைக் கடந்து இந்தியாவுக்குள் வந்தனர். மேற்கு வங்கம், திரிபுரா, அசாம், மேகாலயா ஆகிய பகுதிகளில் முகாம்கள் நிரம்பின.

இவற்றுள் திரிபுராவின் நிலை தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1971-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அப்பகுதியின் மொத்த மக்கள்தொகை சுமார் 15.5 லட்சம். அங்கு வந்து சேர்ந்த அகதிகளின் எண்ணிக்கையோ ஏறத்தாழ அதனை நெருங்கியது. தேனி மாவட்டத்தின் கம்பத்திலிருந்து மலையேறிச் செல்வோருக்குக் கம்பம்மெட்டுச் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் மாநிலமும் மொழியும் மாறுவது பழகிய அனுபவம். திரிபுராவின் தலைநகரான அகர்தலாவில் அதே போன்ற குறுகிய தொலைவில் நாடே மாறிவிடும். நகரின் விளிம்பிலேயே அகௌரா எல்லைச்சாவடி உள்ளது. டாக்காவிலிருந்து தப்பியோரில் பலருக்கு அகர்தலாதான் முதல் புகலிடம்.

சலாவுதீனும் அந்த வழியாகவே இந்தியாவுக்குள் வந்தார். அவரைப் போலவே டாக்கா லீகில் ஆடிய வேறு சில வீரர்களும் அங்குத் தங்கியிருந்தனர்.

இந்தியா 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் அன்றும் கையெழுத்திடவில்லை, இன்றும் கையெழுத்திடவில்லை. 1971-இல் வந்தவர்களை இந்திய அரசு தன் ஆவணங்களில் பெரும்பாலும் 'வெளியேறி வந்தோர்' என்ற பொருளிலேயே குறிப்பிட்டது. நிலைமை சீரானதும் அவர்கள் திரும்பிச் செல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொல்லிலேயே அடங்கியிருந்தது. அத்தகைய நிலையில் உள்ள ஒருவர் எந்த நாட்டின் பெயரில் பந்து உதைப்பது என்பது, அன்றைய சூழலில் விளையாட்டைத் தாண்டிய கேள்வி.

நாடு பிறக்கும் முன்பே பிறந்த அணி

கொல்கத்தாவில் இருந்து இயங்கிய வங்கதேசத் தற்காலிக அரசின் ஆதரவுடன், 1971 ஜூன் மாதத்தில் 'ஸ்வாதீன் பங்களா ஃபுட்பால் தள்' உருவாக்கப்பட்டது. 'சுதந்திர வங்கக் கால்பந்து அணி' என்பது இதன் பொருள். நோக்கங்கள் மூன்று: விடுதலைப் போருக்கு நிதி திரட்டுவது, இந்திய மக்களிடையே ஆதரவு திரட்டுவது, டாக்காவில் இயல்புநிலை நிலவுவதாகக் காட்டும் முயற்சியை முறியடிப்பது.

மூன்றாவது நோக்கத்திற்குச் சற்று விளக்கம் தேவை. போர் நடந்துகொண்டிருந்த காலத்திலும் டாக்காவில் கால்பந்துப் போட்டிகளை நடத்த ராணுவ நிர்வாகம் முனைந்தது. மைதானத்தில் பந்து உருண்டால் ஊரில் அமைதி நிலவுகிறது என்று வெளியுலகம் நம்பும் என்பது அதன் கணக்கு. முன்னணி வீரர்களே எல்லைக்கு அப்பால் வேறோர் அணியில் ஆடினால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். எனவே வீரர்களை அணியில் சேர அழைக்கும் அறிவிப்புகள் வானொலி மூலம் ஒலிபரப்பப்பட்டன. அகர்தலாவில் இருந்தவர்கள் கொல்கத்தாவுக்கு அழைத்து வரப்பட்டனர். பார்க் சர்க்கஸ் பகுதி மைதானத்தில் பயிற்சி தொடங்கியது.

அணித் தலைவராக, அனுபவமிக்க தடுப்பாட்ட வீரரான ஜகாரியா பிண்டு தேர்வு செய்யப்பட்டார். பிரதாப் சங்கர் ஹஸ்ரா துணைத் தலைவர். நானி பசாக் பயிற்சியாளர். தன்வீர் மஜ்ஹர் தன்னா மேலாளர்.

இந்த அணியில் சேர்ந்த வீரர்களுக்கு இருந்த ஆபத்து வெளிப்படையானது. அவர்களில் பலரின் குடும்பத்தினர் இன்னும் டாக்காவிலேயே இருந்தனர். ஆட்டம் குறித்த செய்தி நாளிதழிலோ வானொலியிலோ வெளியாகி, அதில் ஒரு பெயர் அடிபட்டால், விளைவை அனுபவிக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள். சலாவுதீன் 'தூர்ஜோ ஹஸ்ரா' ஆனதன் காரணம் இதுவே. 'ஹஸ்ரா' என்பது அணியின் துணைத் தலைவருக்கும் இருந்த குடும்பப் பெயர். 'தூர்ஜோ' என்பது வங்க மொழியில் போர்க்களத்தில் ஊதப்படும் எக்காளத்தைக் குறிக்கும். தமிழிலக்கியத்தில் இசைக்கருவிக்கு வழங்கும் 'தூரியம்' என்ற சொல்லும் இதனோடு தொடர்புடையது. மறைந்து வாழ்வதற்கென்று வைத்துக்கொண்ட பெயருக்கு இவ்வளவு உரத்த பொருள் அமைந்தது விந்தைதான்.

கிருஷ்ணநகரில் ஏறிய கொடி

அணியின் முதல் ஆட்டம் மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத் தலைநகரான கிருஷ்ணநகரில், 1971 ஜூலை மாதத்தின் கடைசி வாரத்தில் நடைபெற்றது. எதிரணி நதியா மாவட்ட லெவன். எல்லையை ஒட்டிய மாவட்டம் என்பதால் அரங்கம் நிரம்பி வழிந்தது.

ஆட்டம் தொடங்கும் முன்பே சிக்கல் எழுந்தது. வங்கதேசக் கொடி ஏற்றப்பட்டு, அதன் பண் இசைக்கப்பட்ட பிறகே களமிறங்குவோம் என்று வீரர்கள் உறுதியாக நின்றனர். இந்தியா அந்நாட்டை முறைப்படி அங்கீகரித்தது 1971 டிசம்பர் 6 அன்றுதான். அதாவது, இந்த ஆட்டம் நடந்தபோது அங்கீகாரத்துக்கு நான்கு மாதங்களுக்கும் மேல் இருந்தது. அங்கீகரிக்கப்படாத ஒரு நாட்டின் கொடியை அரசு அதிகாரி ஒருவர் தம் பொறுப்பில் ஏற்ற அனுமதிப்பது விதிமீறல்.

நேரம் கடந்துகொண்டே போயிற்று. கூட்டத்தின் பொறுமையும் குறைந்தது. இறுதியில் மாவட்ட ஆட்சியர் டி.கே. கோஷ் அனுமதி அளித்தார். சிவப்பு வட்டத்திற்குள் மஞ்சள் நிறத்தில் நிலவரைபடம் கொண்ட அன்றைய கொடி இந்திய மூவர்ணக் கொடிக்கு அருகில் ஏற்றப்பட்டது. வீரர்கள் கொடியை ஏந்தி மைதானத்தை வலம் வந்தனர். ஆட்டம் 2–2 என்ற கணக்கில் சமனில் முடிந்தது.

அதற்கான விலையையும் சிலர் கொடுக்க நேர்ந்தது. ஆட்சியர் கோஷ் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். நதியா மாவட்ட விளையாட்டு அமைப்பின் இணைப்பும் நிறுத்தி வைக்கப்பட்டது. அகதி வீரர்களின் கதை சொல்லப்படும்போது இந்த இரண்டு தகவல்களும் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து செல்லப்படுகின்றன. ஆனால் அன்று வேலையையும் இணைப்பையும் பணயம் வைத்தது இந்தியத் தரப்பில் இருந்தவர்கள் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

மோகன் பகான் 'கோஷ்டோ பால் லெவன்' ஆனதற்கும் நதியாவின் அனுபவமே பின்னணி. சர்வதேசக் கால்பந்து சம்மேளனமான பிஃபாவின் விதிகளின்படி, அதன் அமைப்புக்குள் உள்ள ஒரு கிளப், அமைப்புக்கு வெளியே உள்ள அணியுடன் ஆடினால் நடவடிக்கைக்கு உள்ளாகும். ஆகவே கிளப் தன் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு ஆடியது. தேர்ந்தெடுக்கப்பட்ட பெயரும் பொருத்தமானது. பத்மஸ்ரீ விருது பெற்ற முதல் கால்பந்து வீரரான கோஷ்டோ பால் பிறந்தது கிழக்கு வங்கத்தின் ஃபரீத்பூர் பகுதியில். அந்த ஆட்டத்தில் அவர் பெயரிலான அணிக்குத் தலைமை தாங்கியவர், 1962 ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்த அணியின் தலைவர் சுனி கோஸ்வாமி. அவர் பிறந்த கிஷோர்கஞ்சும் இன்றைய வங்கதேசத்தில்தான் உள்ளது. கொல்கத்தாவின் மற்றொரு பெரிய கிளப்பான ஈஸ்ட் பெங்கால், 1947 பிரிவினைக்குப் பின் வந்த அகதிகளின் அணியாகவே பார்க்கப்பட்டது. ஆக, வங்கத்துக் கால்பந்தில் எல்லை கடந்து வந்தவர்களின் கதை 1971-இல் தொடங்கியதன்று.

ஆகஸ்ட் 8 ஆட்டத்தில் 4–2 என்ற கோல் கணக்கில் கோஷ்டோ பால் லெவன் வென்றது. அதன் பின்னர் பல்வேறு ஊர்களில் வங்கதேச அணி ஆடியது. மும்பையில் நடைபெற்ற ஆட்டத்தில் எதிரணிக்காகக் களமிறங்கியவர்களுள் இந்தியக் கிரிக்கெட் அணியின் முன்னாள் தலைவர் மன்சூர் அலி கான் பட்டோடியும் ஒருவர். மொத்தம் பதினாறு ஆட்டங்கள். திரட்டப்பட்ட சில லட்சம் ரூபாய் தற்காலிக அரசின் நிதியில் சேர்க்கப்பட்டது.

இத்தகைய அணிக்கு உலக வரலாற்றில் ஒரு முன்னோடி உண்டு. பிரான்சின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் விடுதலைப் போராட்டக் காலத்தில், 1958-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் ரஷீத் மெக்லூஃபி உள்ளிட்ட வீரர்கள் பிரெஞ்சு கிளப்புகளிலிருந்து இரகசியமாக வெளியேறி, விடுதலை முன்னணியின் பெயரில் அணி அமைத்து 1962 வரை பல நாடுகளில் ஆடினர். அந்த அணியுடன் ஆடுவோர் மீதும் பிஃபாவின் கண்டனம் பாய்ந்தது. ஆனால், அல்ஜீரிய வீரர்கள் நல்ல ஊதியத்தை உதறிவிட்டு வந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள். டாக்கா வீரர்களில் பெரும்பாலோர் உடுத்திய உடையோடு எல்லை தாண்டியவர்கள்.

சொந்தப் பெயரில் ஒரு கோல்

1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. வீரர்கள் நாடு திரும்பினர். 'தூர்ஜோ ஹஸ்ரா' என்ற பெயருக்கு அதன்பின் தேவை இருக்கவில்லை.

சில மாதங்களில், 1972 மே மாதத்தில், சுதந்திர வங்கதேசத்துக்குச் சுற்றுப்பயணமாகச் சென்றது மோகன் பகான். இம்முறை சொந்தப் பெயரிலேயே சென்றது. டாக்கா லெவன் அணியுடனான ஆட்டத்தில் அது 1–0 என்ற கணக்கில் தோற்றது. அந்த ஒரே கோலை அடித்தவர் காஜி சலாவுதீன். ஒன்பது மாதங்களுக்கு முன் இரு தரப்பும் வேறு பெயர்களில் சந்தித்துக் கொண்டதை அறிந்தவர்களுக்கு இந்த ஆட்டத்தின் அருமை புரியும்.

வங்கதேச தேசிய அணியின் முதல் அதிகாரப்பூர்வச் சர்வதேச ஆட்டம் 1973 ஜூலை 26 அன்று, மலேசியாவின் கோலாலம்பூரில் மெர்டேக்கா கோப்பைத் தொடரில் நடைபெற்றது. தாய்லாந்துடனான அந்த ஆட்டம் 2–2 என்று முடிந்தது. முதல் கோலை எனாயதூர் ரஹ்மானும் இரண்டாவது கோலை சலாவுதீனும் அடித்தனர். இருவருமே 1971 அணியைச் சேர்ந்தவர்கள். அணித் தலைவரும் அதே ஜகாரியா பிண்டுதான்.

கிளப் மட்டத்தில் சலாவுதீன் 1972-இல் ஷேக் கமால் நிறுவிய அபாஹனி அணியில் சேர்ந்தார். 1973 டாக்கா லீகில் 24 கோல்கள் அடித்து அதிக கோல் அடித்தவர் என்ற பெருமையைப் பெற்றார். இச்சிறப்பு அவருக்கு மொத்தம் நான்கு முறை கிடைத்தது. பத்தாம் எண் சட்டை, நீண்ட தலைமுடி, தடுப்பாளர்களைத் தாண்டும் வேகம் ஆகியவை ஒரு தலைமுறை ரசிகர்களின் நினைவில் பதிந்தன. அன்று டாக்காவில் அபாஹனி, முகமதியன் அணிகள் மோதும் நாளில் ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

ஹாங்காங்கில் தொழில்முறை வீரர்

1975 ஆகஸ்ட் 15 அன்று வங்கதேச அதிபர் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் அவருடைய குடும்பத்தினரும் படுகொலை செய்யப்பட்டனர். கொல்லப்பட்டோரில் முஜிபுரின் மகனும் அபாஹனி கிளப்பின் நிறுவனருமான ஷேக் கமாலும் ஒருவர்.

அதே ஆண்டில் சலாவுதீன் ஹாங்காங் முதல்நிலை லீகில் ஆடிய கரோலைன் ஹில் அணியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். வெளிநாட்டில் தொழில்முறை வீரராக ஆடிய முதல் வங்கதேசத்தவர் என்ற இடம் இதன் மூலமே அவருக்குக் கிடைத்தது. அங்கு அவர் இருந்தது ஒரு பருவம் மட்டுமே. ஆனால், அக்காலச் சூழலோடு ஒப்பிட்டால் இதன் முக்கியத்துவம் விளங்கும். வங்கதேசத்தில் முறையான தொழில்முறை லீக் தொடங்கியது 2007-இல்தான். இந்தியாவிலேயே தேசிய அளவிலான லீக் 1996-இல்தான் வந்தது. தெற்காசியாவில் கால்பந்து வீரர் என்றால் ஏதேனும் ஓர் அரசு நிறுவனத்திலோ வங்கியிலோ வேலை பார்த்துக்கொண்டு மாலையில் ஆடுபவர் என்பதே அன்றைய நடைமுறை.

அங்கிருந்து திரும்பிய பின் மீண்டும் அபாஹனியில் ஆடினார். 1977-இல் அவ்வணி ஒரு தோல்வியும் இல்லாமல் லீக் பட்டம் வென்றது. 1980-இல் குவைத்தில் நடைபெற்ற ஆசியக் கோப்பைக்கு வங்கதேசம் தகுதி பெற்றது. அத்தொடரில் வட கொரியாவுக்கு எதிராக சலாவுதீன் கோல் அடித்தார். வங்கதேச ஆடவர் அணி ஆசியக் கோப்பையின் பிரதான சுற்றில் ஆடியது இதுவரை அந்த ஒருமுறைதான்.

சிறையில் ஒரு செப்டம்பர்

1982 மார்ச் மாதம் ராணுவத் தளபதி எர்ஷாத் ஆட்சியைக் கைப்பற்றி ராணுவச் சட்டத்தை அமல்படுத்தியிருந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 21 அன்று டாக்கா அரங்கில் அபாஹனி–முகமதியன் ஆட்டம் நடைபெற்றது. நடுவரின் முடிவு ஒன்றை எதிர்த்து அபாஹனி வீரர்கள் முறையிட்டனர். பார்வையாளர் பகுதியில் கலவரம் மூண்டது.

கால்பந்து மைதானங்களில் இது புதிதன்று. ஆனால் அதன் பின் நிகழ்ந்தது புதிது. அன்றிரவே அபாஹனி வீரர்கள் கைது செய்யப்பட்டனர். சலாவுதீன், அஷ்ரஃபுதீன் அகமது சுன்னு, கோலம் ரப்பானி ஹெலால், காஜி அன்வர் ஆகிய நால்வருக்கு ராணுவ நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. சலாவுதீனும் சுன்னுவும் ஜெசோர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்பை அடுத்து, இரு வாரங்களுக்கும் மேலான சிறைவாசத்துக்குப் பின் நால்வரும் விடுவிக்கப்பட்டனர். வங்கதேச விளையாட்டு வரலாற்றில் இந்நிகழ்வு 'கறுப்பு செப்டம்பர்' என்றே குறிப்பிடப்படுகிறது.

ஒரு நாட்டின் விடுதலைக்காகப் பெயரை மறைத்து ஆடியவர், அந்த நாட்டின் சிறையில் சொந்தப் பெயரில் அடைக்கப்பட்டார். இது குறித்து வங்கதேசத்தில் எழுதியவர்கள் பலர்.

1984-இல் சலாவுதீன் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். 1983, 1984, 1985 எனத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அபாஹனி லீக் பட்டம் வென்றது. மூன்றாவது பட்டத்தின்போது அவர் அணியின் பயிற்சியாளர். தேசிய அணிக்கும் பயிற்சியளித்தார். 1996-இல் அந்நாட்டின் உயரிய குடிமை விருதான சுதந்திர விருது அவருக்கு வழங்கப்பட்டது.

நாற்காலியில் பதினாறு ஆண்டுகள்

2008 ஏப்ரலில் வங்கதேசக் கால்பந்து கூட்டமைப்பின் தலைவராகத் தேர்வான சலாவுதீன், தொடர்ந்து நான்கு முறை அப்பதவியை வகித்தார். 2009 முதல் தெற்காசியக் கால்பந்து கூட்டமைப்பின் தலைமையும் அவரிடம் வந்தது. 2011 செப்டம்பரில் மெஸ்ஸி தலைமையிலான அர்ஜென்டினா அணி டாக்காவுக்கு வந்து நைஜீரியாவுடன் ஆடியது அவரது காலத்தின் பெரிய விழா. வங்கதேச மகளிர் அணி 2022-இல் தெற்காசியப் பட்டத்தை வென்றதும் அவர் பொறுப்பில் இருந்தபோதே.

மறுபக்கம் அவ்வளவு பொலிவானதன்று. ஆடவர் அணி 2018-இல் பிஃபா தரவரிசையில் 197-ஆம் இடம் வரை சரிந்தது. 2023 ஏப்ரலில், போலி ஆவணங்களைப் பயன்படுத்தியதாகக் கூட்டமைப்பின் பொதுச் செயலாளர் அபு நயீம் ஷோஹாக் மீது பிஃபா இரண்டு ஆண்டுத் தடை விதித்தது. மூத்த துணைத் தலைவர் சலாம் முர்ஷெதிக்கு அடுத்த ஆண்டு அபராதம் விதிக்கப்பட்டது. சலாவுதீன் மீது நேரடித் தடை எதுவும் விதிக்கப்படவில்லை என்றாலும், தமது அலுவலகத்தில் நடந்தவற்றுக்கு அவரும் பொறுப்பேற்க வேண்டும் என்ற குரல் ரசிகர்களிடையே வலுத்தது.

2024 ஆகஸ்ட் 5 அன்று ஷேக் ஹசீனா அரசு வீழ்ந்தபின் அந்தக் குரல் இன்னும் ஓங்கியது. அடுத்த மாதமே, இனித் தேர்தலில் போட்டியிடப் போவதில்லை என்று சலாவுதீன் அறிவித்தார். அக்டோபர் 26 அன்று நடைபெற்ற தேர்தலில் தபித் அவால் புதிய தலைவராகத் தேர்வு செய்யப்பட்டார்.

ஒரு வீரராக அவர் பெற்ற மதிப்பையும் நிர்வாகியாக அவர் சந்தித்த விமர்சனத்தையும் ஒன்றோடொன்று கழித்துப் பார்க்கும் போக்கு அந்நாட்டு ஊடகங்களில் உண்டு. இரண்டும் வெவ்வேறு கணக்குகள். 1971-ஐக் காட்டி 2023-க்கு விளக்கம் தேட முடியாது. 2023-ஐக் காட்டி 1971-ஐ அழிக்கவும் முடியாது.

எந்தக் கொடியின் கீழ்?

அகதிப் பின்னணியிலிருந்து எழுந்த வீரர்களில் இன்று உலகம் அதிகம் அறிந்தவர் பேயர்ன் மியூனிக் அணியின் அல்போன்சோ டேவிஸ். லைபீரிய உள்நாட்டுப் போரிலிருந்து தப்பிய பெற்றோருக்கு, கானாவின் புதுபுராம் அகதி முகாமில் 2000 நவம்பர் 2 அன்று பிறந்த அவர், ஐந்து வயதில் மீள்குடியமர்த்தல் திட்டத்தின் கீழ் கனடா சென்றார். 2017 ஜூன் 6 அன்று குடியுரிமை பெற்றார். சரியாக ஒரு வாரத்தில், ஜூன் 13 அன்று, பதினாறு வயதில் கனடா தேசிய அணிக்காக ஆடினார். 2022 உலகக் கோப்பையில் கனடா ஆடவர் அணியின் முதல் கோல் அவருடையதே. திறமை முன்பே இருந்தது. அந்த ஒரு வாரத்தில் மாறியது கையிலிருந்த ஆவணம் மட்டுமே.

சலாவுதீனுக்கு வேறு வகையில் அந்த ஆவணம் கிடைத்தது. ஒன்பது மாதப் போரின் முடிவில் அவர் பிறந்த மண்ணே தனி நாடாயிற்று. இவ்விரண்டும் அமையாதவர்களும் உண்டு. 2021-இல் தாலிபான்கள் ஆட்சியைப் பிடித்தபின் வெளியேறிய ஆப்கானிஸ்தான் மகளிர் வீரர்கள், தங்கள் நாட்டுக் கூட்டமைப்பின் ஒப்புதல் இல்லாமல் தேசிய அணியாக ஆட முடியாத நிலையில் பல நாடுகளில் சிதறியிருந்தனர். 2025-இல் பிஃபா அவர்களுக்கென்று ஓர் அகதிகள் அணியை அங்கீகரித்து, அவ்வாண்டின் இறுதியில் மொராக்கோவில் நடைபெற்ற போட்டிகளில் ஆட வைத்தது. நதியா மாவட்ட அமைப்பின் இணைப்பு பறிபோன காலத்தோடு ஒப்பிட்டால், அமைப்பின் நிலைப்பாட்டில் இது பெரிய மாற்றம்.

தமிழர்களிடையேயும் இதன் சாயல் உண்டு. ஈழப் போரினால் இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர், பிஃபாவுக்கு வெளியே இயங்கும் கோனிஃபா அமைப்பின் போட்டிகளில் தமிழீழம் என்ற பெயரில் ஆடியுள்ளனர். 2018-இல் லண்டனில் நடைபெற்ற தொடர் அவற்றுள் ஒன்று. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன், இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கிளப்பில் தொழில்முறை வீரராக இடம்பெற்றிருக்கிறார்.

1971 அணியின் தலைவர் ஜகாரியா பிண்டு 2024 நவம்பர் 18 அன்று டாக்காவில் காலமானார். அல்ஜீரிய அணியின் ரஷீத் மெக்லூஃபி மறைந்ததும் அதே மாதத்தில், பத்து நாட்களுக்கு முன்பு. ஸ்வாதீன் பங்களா அணியை அடிப்படையாகக் கொண்டு 'தாமால்' என்ற வங்க மொழித் திரைப்படம் 2022-இல் வெளிவந்தது.

வங்கதேசத்தின் சர்வதேச ஆட்டங்களின் அதிகாரப்பூர்வப் பட்டியல் 1973-ஆம் ஆண்டின் கோலாலம்பூர் ஆட்டத்திலிருந்தே தொடங்குகிறது. கிருஷ்ணநகர் முதலான பதினாறு ஆட்டங்கள் அதில் இல்லை. தூர்ஜோ ஹஸ்ரா என்ற வீரரின் பெயரும் இல்லை.